அக்கா, இருங்கோ

நான் போய் வந்த பொலிஸ் நிலையத்தை வீடுகளாக மாற்றுகிறார்கள். போன வாரம் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தபடி பார்த்தேன். வாசலில் இருந்த நீல விளக்கைக் காணவில்லை. கன்ரீன் இருந்த பக்கம் பலகை அடித்து, ஒற்றை அறை வீடுகள் விற்பனைக்கு என்று பெரிய படம் ஒட்டியிருக்கிறார்கள். படத்தில் ஒரு பெண் வெள்ளைச் சோபாவில் சாய்ந்து கோப்பி குடிக்கிறாள். அதே மூலையில் ஒரு கூட்டம் பொரித்த பாணும் பீன்ஸும் தின்றுகொண்டு, கால்பந்துக்காகக் கத்திக்கொண்டு, மேசையைத் தட்டிக்கொண்டு இருந்ததை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்ப நடந்து வந்ததில் முழங்கால் இன்னும் நோகிறது.

நான் பொலிஸ்காரன் இல்லை. லண்டனில், ஹவுன்ஸ்லோவில் ஒரு சிறிய சபையின் போதகராக இருந்தவன். அதோடு, எண்பதுகளின் நடுவில் தொடங்கித் தொண்ணூறுகள் முடியும் வரை அந்த நிலையத்துக்குச் சாப்ளினாகப் போய் வந்தேன். பொலிஸ்காரருடைய மனச்சுமையைக் கேட்பதற்கென்று வைத்திருக்கும் போதகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் என்னைப் 'பாத்ரே' என்பார்கள். என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. நுழைக்க முயன்றவர்கள் செய்த கோலத்துக்குப் பாத்ரே எவ்வளவோ மேல்.

யாழ்ப்பாணத்தில் பள்ளி, இங்கே வந்து இறையியல் படிப்பு, குருப்பட்டம், கலியாணம், சபை. இந்த ஒரு வரியில் என் இளமை முடிந்துவிட்டது, பரவாயில்லை. இப்போது சாப்ளினாக வருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பெல்லாம் இருக்கிறதாம். நல்லது. எங்கள் காலத்தில் பயிற்சி என்றால் நிலையத்தின் மூத்த சாப்ளின் ஹாலம் பாதிரியார்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் ஆங்கிலத்தில் பேசியவர்களை எல்லாம் நான் யாழ்ப்பாணத் தமிழில் பேச வைக்கிறேன். எனக்கு அவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

சபை மேலிடம் என்னைச் சாப்ளினாகப் போகச் சொல்லிக் கேட்டபோது, என் மனைவி ரஞ்சி சட்டியை அடுப்பில் வைத்த வேகத்தில் குழம்பு சுவரில் தெறித்தது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? பொலிசுக்குப் போய் ஆறுதல் சொல்லப் போறியளோ?"

"இந்த ஊர்ப் பொலிஸ் வேறையப்பா."

"யூனிபோம் எண்டால் யூனிபோம்தான்."

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஊரில் அவளுடைய தம்பியை வீட்டு வாசலில் வைத்து யூனிபோம் போட்டவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அவன் திரும்பவில்லை. செத்தானா, இருக்கிறானா என்று சொல்வதற்கு ஒருவரும் அந்த வாசலுக்கு வரவும் இல்லை. தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால், இருந்தவன் என்றும் சொல்லமாட்டாள், இருக்கிறான் என்றும் சொல்லமாட்டாள். பெயரைச் சொல்லி அதோடு நிறுத்திவிடுவாள்.

அப்படியிருந்தும் நான் ஏன் போனேன்? பயம்தான் காரணம். லண்டனுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும், தெருவில் ஒரு பொலிஸைக் கண்டால் என் கை தானாகப் போய்ப் பாஸ்போட் இருக்கும் பொக்கற்றைத் தொடும். அந்தக் கையை எப்படியாவது அடக்கவேண்டும் என்று இருந்தது. ரஞ்சியிடம் இதைச் சொன்னேன். அவள் சுவரைத் துடைத்தாள்.

ஹாலம் பாதிரியார் ஒட்டடைக்கம்பு உயரம். கழுத்துப்பட்டி எந்நேரமும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். சட்டைப்பையில் இருமல் மிட்டாய் இருக்கும், யாருக்கும் கொடுக்கமாட்டார். முதல் நாள் நிலையத்தின் படியில் வைத்து என்னிடம் சொன்னார்:

"உமக்கு இஞ்ச ஒரு வேலையும் இல்லை. அதை ஒழுங்காச் செய்யும்."

அந்த வேலையற்ற வேலைக்கு அவரிடம் சட்டங்கள் இருந்தன. உள்ளே போனதும் மாடியில் பெரிய அதிகாரியைப் பார்க்கப் போகக்கூடாது. போனால் கீழே இருப்பவர்கள் நம்மை அவருடைய ஆள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். நேரே கன்ரீனுக்குப் போகவேண்டும். வரிசையில் நிற்கவேண்டும். 'முன்னால போங்கோ பாத்ரே' என்று யாராவது வழிவிட்டாலும் போகக்கூடாது. தேநீரோடு வெறும் மேசையில் போய் இருக்கக்கூடாது. ஆட்கள் இருக்கும் மேசையில் ஒரு கதிரை காலியாக இருந்தால் அங்கேதான் இருக்கவேண்டும். கையில் வேதப்புத்தகம் தெரியக்கூடாது. சுகமா என்று ஒருபோதும் கேட்கக்கூடாது.

"பின்ன என்னத்தைக் கேக்கிறது?" என்றேன்.

"என்ன ஷிப்ட் எண்டு கேளும். 'காலமை ஷிப்ட்' எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போனால் ஆள் சுகமாயிருக்கிறான். சொல்லிப்போட்டு அப்பிடியே இருந்தானெண்டால் நீரும் இரும்."

கடைசியாகப் பின்முற்றத்துக்குப் போகவேண்டும். அங்கே பொலிஸ் கார்களைக் கழுவுவார்கள். மனதில் உள்ளதைச் சொல்ல வருகிறவன் எவனும் நம் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டான், காரைப் பார்த்துத்தான் சொல்லுவான், ஆகவே நீரும் ஒரு துணியை எடும் என்றார். அப்படித்தான் நான் பொலிஸ் கார் கழுவத் தொடங்கினேன். "எங்கட கார் ஊத்தை பிடிச்சுக் கிடக்கு, இவர் அரசாங்கத்தின்ர காரைக் கழுவுறார்" என்று ரஞ்சி சபை முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

ஒரு சட்டத்தை மட்டும் ஹாலம் மிட்டாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். பொலிஸ்காரர் வீட்டுக்குப் போனால் கழுத்துப்பட்டி பொக்கற்றுக்குள் இருக்கவேண்டும். அவன் மனைவி ஜன்னலால் ஒரு போதகரின் கழுத்தைக் கண்டால் கதவைத் திறக்கும் முன்பே விதவையாகிவிடுவாள் என்றார். பொலிஸ்காரர் மற்றவர் வீட்டுக்குச் சாவுச் செய்தி கொண்டுபோகும் முறையையும் அவரிடம்தான் கேட்டறிந்தேன். எங்கள் நிலையத்தில், மணியை அழுத்தும் முன்பே தொப்பியைக் கழற்றி இடது கக்கத்தில் வைப்பார்கள். ஆளை இருக்கச் செய்வார்கள். பிறகு, செத்துவிட்டார் என்ற சொல்லையே சொல்லவேண்டும். போய்விட்டார், இழந்துவிட்டோம் என்றெல்லாம் சுற்றி வளைக்கக்கூடாது. சொந்தக்காரர் யாராவது வரும்வரை தனியே விட்டுவிட்டு வரக்கூடாது. குசினியைத் தேடிப் போய்த் தேநீர் போட்டுக் கொடுக்கவேண்டும்.

"எங்கட ஆக்கள் அப்பிடிச் சொல்ல மாட்டினம்," என்றேன். "கொஞ்சம் கடுமையாம், ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினமாம் எண்டு தொடங்குவம். சொந்தக்காரரைச் சேர்ப்பம். மெல்ல மெல்லத்தான் சொல்லுவம்."

"அந்த நேரமெல்லாம் அந்தப் பெண் நம்பிக்கொண்டு இருப்பாளே. அது இரக்கமோ?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் மிட்டாயைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார்.

கொலின் எங்கள் நிலையத்துக் கொன்ஸ்டபிள். முப்பது வயது தாண்டியவன். கதவு நிலைக்குள் குனிந்து வரவேண்டிய உயரம், சிவந்த காது, கன்ரீனில் இரண்டு தட்டுச் சாப்பிடுவான். என் ஷிப்ட் கேள்விக்குப் பகிடியாக ஏதாவது சொல்லிவிட்டு எழும்பிப் போகிறவன். ஒரு குளிர்காலம் அவன் எழும்பிப் போகவில்லை. ஒரு நாள் பின்முற்றத்தில் ஒரு காரின் முன்பக்கத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். அது எப்போதோ துடைத்து முடிந்த இடம். நானும் துணியை எடுத்தேன்.

"பாத்ரே, ஒராள் செத்துப் போச்சு எண்டதை உங்கட பாஷையில எப்பிடிச் சொல்லுறது?"

ஏன் என்று கேட்கவில்லை. துடைத்தேன். அவன் காரைப் பார்த்துச் சொன்னான்.

விமான நிலையத்தில் பொதி ஏற்றும் ஒரு தமிழர் வேலையிலேயே நெஞ்சு வலித்து விழுந்து இறந்துபோனார். கொலின் செய்தி கொண்டுபோனான். மனைவி கதவைத் திறந்து யூனிபோமைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பிறகு உள்ளே ஓடிப்போய்ப் பாஸ்போட், விசாக் கடதாசி எல்லாவற்றையும் அள்ளி வந்து அவன் முன்னால் நீட்டினாள். பிடித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள். இருக்கச் சொன்னான், விளங்கவில்லை. பக்கத்து வீட்டைத் தட்டினான், ஆளில்லை. அப்போது பள்ளிச் சட்டையோடு ஒரு சின்னப் பெண் வந்து, "அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது, நான் சொல்லுறன்" என்றாளாம்.

"நான் மாட்டன் எண்டனான், பாத்ரே. பெரியாக்கள் ஆரும் வரட்டும் எண்டனான். தாய் நடுங்குறா. கடதாசியை என்ர நெஞ்சில வைச்சு அமத்துறா. பிள்ளை என்னைப் பாத்து, அப்பாவுக்கு என்ன எண்டு கேட்டுது. சொல்லிப்போட்டன்."

துணியைப் பிழிந்தான். ஒரு துளி தண்ணீர் வரவில்லை.

"பிள்ளை திரும்பித் தாய்க்குச் சொல்லிச்சு. கடையில விலையைக் கேட்டுச் சொல்லுற மாதிரி, குரல்கூட மாறேல்லை. சொல்லி முடிச்ச பிறகுதான் அதுக்கு விளங்கிச்சு."

அன்றிலிருந்து அவனால் ஒரு வீட்டு மணியையும் அழுத்த முடியவில்லை. களவு போன சைக்கிளைப் பற்றி விசாரிக்கப் போனாலும் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். சார்ஜன்ட் கவனிக்கத் தொடங்கியிருந்தார். வேலையை விடப்போகிறேன் என்றான். விடுவதற்கு முன் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் சொன்னான்.

நான் ஹாலமிடம் கொண்டுபோனேன். அவர் மறுத்துவிட்டார். "அந்த வாசலில இன்னொருக்கால் அவன் நிக்கக்கூடாது. மன்னிப்பு அவனுக்குத்தான் வேணும், அவைக்கில்லை. அவன் மொழியைக் கேட்டவனெல்லே? அதைக் குடும்." சொல்லிவிட்டு, என் ஆயுளில் முதலும் கடைசியுமாக, எனக்கு ஓர் இருமல் மிட்டாய் தந்தார்.

ஆகவே கன்ரீனில் வைத்து அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். 'தங்கள் கணவர் காலமாகிவிட்டார்' என்பதைச் சொல்ல அவன் பட்ட பாட்டைக் கண்டு பக்கத்து மேசைகள் எல்லாம் காலமாகிவிட்டார், காலமாகிவிட்டார் என்று கரண்டியால் தாளம் போட்டன. வீட்டில் இதை ரஞ்சியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏனாம் அவனுக்குத் தமிழ்?"

முழுவதையும் சொன்னேன். லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள். நெடுநேரம் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அதில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டிக்கொண்டு வாங்கோ. யூனிபோமில எங்கட வாசலுக்கு வரக்கூடாது எண்டு சொல்லுங்கோ."

சனிக்கிழமை மத்தியானம் வந்தான். கம்பளிச் சட்டை, கையில் ஒரு பெட்டி டொஃபி. யூனிபோமில் ஒருபோதும் இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று ரஞ்சிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தான். ரஞ்சி என் வாக்கியத்தைச் சொல்லச் சொன்னாள். சொன்னான்.

"ஐயோ, உதென்ன, பிரசங்கமோ?" என்று என்னைப் பார்த்தாள். "கதவடியில நிண்டு நடுங்குறவளுக்குக் காலமும் விளங்காது, ஒண்டும் விளங்காது. தம்பி, நான் சொல்லித்தாறன். முதல்ல அக்கா எண்டு சொல்லும். சொன்னீரெண்டால் அவள் கடதாசி எடுக்க ஓடமாட்டாள். பிறகு, இருங்கோ."

எங்கள் ஊரில் இருங்கோ என்றால் உட்காருங்கள் என்றுதான் அர்த்தம். அவள் அதைச் சொல்லும்போது 'ங்கோ'வைக் கொஞ்சம் இழுத்து, கையைக் கதிரைப் பக்கம் தாழ்த்துவாள். யார் வந்தாலும் அப்படித்தான் இருக்கச் சொல்லுவாள். அந்த இழுவையோடு, கையோடு, அவனுக்குப் படிப்பித்தாள்.

அக்கா, இருங்கோ. கெட்ட செய்தி ஒண்டு. பிறகு ஆளின் பெயர். பிறகு, செத்துப் போனார்.

அந்தச் சொல் வேண்டுமா என்று நான் குறுக்கே போனேன். ரஞ்சி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொலினைப் பார்த்துச் சொன்னாள். அவளுடைய ஆங்கிலம் விமானச் சாப்பாடு கட்டுகிற வேலையிடத்து ஆங்கிலம், நேராக வரும்.

"தம்பி, என்ர அம்மான்ர வாசலுக்கு ஒருத்தரும் வரேல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. நீர் போம். போய்ச் சொல்லும். சொல்லேக்கை நிலத்தைப் பாக்கக்கூடாது."

பிறகு அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். மணியை அழுத்து, நான் திறப்பேன் என்றாள். மணி அடிக்கவில்லை. நானும் அவளும் உள்ளே நின்றோம். கதவுக் கண்ணாடியில் அவன் உருவம் மங்கலாகத் தெரிந்தது. கை மேலே போகும், கீழே வரும். எதிர்வீட்டு மனுசி திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். "உதவிக்குப் போகட்டோ?" என்றேன். "சும்மா நில்லுங்கோ" என்றாள் ரஞ்சி. அவள் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கனநேரத்துக்குப் பிறகு மணி அடித்தது. திறந்தாள். சொன்னான். நாக்குக் குழறியது. "திருப்பி," என்று கதவைச் சாத்தினாள். அன்று எங்கள் வீட்டு மணி அடித்த மாதிரி, கரோல் பாட ஆட்கள் வரும் நத்தாருக்குக்கூட அடித்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவள் உண்மையாகவே பயந்தவளைப் போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கடைசி முறை அவன் பிழையில்லாமல், அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னபோது, அவள் அந்தக் கதிரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தம்பி போனதற்கு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். கொலின் என்னைப் பார்த்தான். அவன் நேரே குசினிக்குள் போய்க் கேத்திலைப் போட்டான்.

தேநீரை வாயில் வைத்ததும் ரஞ்சி முகத்தைச் சுளித்தாள். "சீனி காணாது, தம்பி. எங்கட ஆக்களுக்கு அள்ளிப் போடவேணும்."

கொலின் வேலையை விடவில்லை. அடுத்த வருடம் ஒரு நாள் கன்ரீனில் என் மேசைக்கு வந்து இருந்தான். இன்னொரு தமிழ் வீட்டுக்குப் போய்வந்திருந்தான்.

"சொன்னன், பாத்ரே. விளங்கிச்சு அவவுக்கு. பிள்ளையள் மாடியில விளையாடிக்கொண்டிருந்ததுகள். கீழ வரேல்லை."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு இரண்டாவது தட்டு வாங்கப் போனான். என் ஊழியத்தில் சபையார் எழும்பிச் சொல்லி நான் கேட்ட எந்தச் சாட்சியும் எனக்கு அவ்வளவு சந்தோசம் தரவில்லை. அந்தக் காலத்துச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. அவன் வருவான், கம்பளிச் சட்டையோடு. இடியப்பத்தைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிடுவான், ரஞ்சி அவன் கையில் தட்டுவாள். யூனிபோமில் எங்கள் தெருவால் ரோந்து போகும் நாட்களில் எதிர்ப்பக்க நடைபாதையால் போவான். ரஞ்சி ஜன்னலில் நின்று கையைக் காட்டுவாள். வீதியைக் கடந்து இந்தப் பக்கம் வரமாட்டான்.

தொண்ணூறுகளின் பின்பகுதி. ஹாலம் இல்லை, அவரை நாங்களே நல்லடக்கம் செய்திருந்தோம். ஒரு வார நாள், பின்னேரம். ரஞ்சி வேலையால் வரும் நேரம். நான் பிரசங்கம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவுத் திறப்பைக் கொண்டுபோக மறந்துவிட்டாள், இன்றைக்கு நல்லாய்ப் பகிடி பண்ணவேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழும்பினேன்.

கதவுக் கண்ணாடியில் ஓர் உயரமான உருவம். உடுப்பு கறுப்பு. தலையில் ஒன்றும் இல்லை. இடது கக்கத்தில் உருண்டையாக ஏதோ இருந்தது.

நடையில் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு எல்லாம் தெரியுமே. மணிக்கு முன் தொப்பி, பிறகு கதிரை, பிறகு அந்தச் சொல். திறக்காத வரைக்கும் ரஞ்சி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். கொஞ்சம் கடுமையாம், ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினமாம் என்று யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று ஏங்கினேன். அந்த நேரம் ஹாலம் அது இரக்கமோ என்று என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இரண்டாம் முறை மணி அடிக்கவில்லை. அவன் காத்துக்கொண்டு நின்றான். திறந்தேன்.

கொலின்தான். பின்னால் இளம் பொலிஸ் பெண் ஒருத்தி. அவன் என் கண்ணைப் பார்த்தான்.

"அக்கா, இருங்கோ," என்றான்.

அவனுக்கு அந்த வாக்கியம் அப்படித்தான் தெரியும். என்னையும் அக்கா என்றுதான் சொன்னான். 'ங்கோ'வை இழுத்தான். கை கதிரைப் பக்கம் தாழ்ந்தது. நான் உட்கார்ந்தேன்.

"கெட்ட செய்தி ஒண்டு. ரஞ்சி செத்துப் போனார்."

பஸ் தரிப்பில் விழுந்திருக்கிறாள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்ததாம். வேறு ஒருவரைத்தான் அனுப்ப இருந்தார்களாம். ரேடியோவில் எங்கள் விலாசத்தைக் கேட்டுவிட்டு, நான் போகிறேன் என்று இவன் மறித்திருக்கிறான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவன் என் முன்னால் முழந்தாளில் இருந்து, தன் சட்டையின் வெள்ளிப் பொத்தானைத் தொட்டுக் காட்டி, "அவவுக்கு வாக்குக் குடுத்தனான், பாத்ரே. இதோட வரமாட்டன் எண்டு" என்றான். அப்போதுதான் அவன் அழுதான். நான் அவன் தலையில் கையை வைத்தேன். யார் யாருக்குச் சாப்ளின் என்று எனக்கு அன்று தெரியவில்லை. பிறகு அவன் குசினிக்குள் போனான். தேநீரில் சீனி அள்ளிப் போட்டிருந்தான். வாயில் வைக்க முடியாத இனிப்பு. முழுவதும் குடித்தேன்.

கொலினும் ஓய்வு பெற்றுவிட்டான். கடற்கரை ஊர் ஒன்றில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறான். எங்கள் வீட்டில் ரஞ்சியின் குரலைப் பதிவுசெய்து வைத்த நாடா ஒன்றும் இல்லை. படம் கிடக்கிறது, குரல் இல்லை. போதகர் வீடு, என் பிரசங்கங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாகப் பதிவில் இருக்கின்றன. அவற்றை யார் கேட்கப் போகிறார்கள்? அவளைப் போலப் பேசுகிறவன் இந்த உலகத்தில் இன்றைக்கு ஒருத்தன்தான் இருக்கிறான், அவன் ஒரு வெள்ளைக்காரப் பொலிஸ்காரன்.

சனிக்கிழமை மத்தியானத்தில் தொலைபேசி அடிக்கும். எடுப்பேன். காலநிலையைப் பேசமாட்டான், சுகமா என்று கேட்கமாட்டான். எங்கள் நிலையத்தின் வளர்ப்பு அப்படி. முழு வாக்கியத்தையும் சொல்லுவதில்லை, முதல் இரண்டு சொல்லை மட்டும் அவளுடைய இழுவையோடு சொல்லுவான்.

"அக்கா, இருங்கோ."

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவேன்.